ஏறாவூரில் கிடைத்த மலிவு மாத்திரை

சென்ற புதன்கிழமை குருக்கள்மடத்திலிருந்து ஏறாவூருக்குப் போனேன். காரணம் சந்தேகம்தான். என் மனைவி வசந்திக்குப் போன வருடம் காலில் இரத்தம் உறைந்து நுரையீரல் வரை போய்விட்டது. தினமும் ஒரு மாத்திரை, ஒரு நாளும் தவறக் கூடாது என்றார் வைத்தியர். அதே மருந்து வேறு பெயரில், மூன்றில் ஒரு பங்கு விலைக்கு, ஏறாவூரில் ஒரு பாமசியில் வந்திருப்பதாக அவளோடு படிப்பிக்கும் ஆசிரியை சொன்னாராம். போலி என்றுதான் நினைத்தேன்.

காலை 7.40க்குக் கல்முனையிலிருந்து வரும் பஸ். மட்டக்களப்புக்கு ஏறக்குறைய பதினாறு கிலோமீற்றர், நாற்பது நிமிடம், நூறு ரூபாய். கல்லடிப் பாலத்தில் வாவி அகலமாக விரியும். படம் எடுக்கிறவர்கள் தயாராக இருங்கள். நான் பழைய மாத்திரைப் பெட்டியையும் பில்லையும் மடியில் பிடித்தபடி இருந்தேன். அங்கிருந்து ஏறாவூருக்கு அடுத்த பஸ், அரை மணி நேரம்.

பாமசியில் இருந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்:

"இவ்வளவு மலிவா எப்படித் தங்கச்சி குடுக்கிறீங்க? உள்ளுக்கு என்ன கிடக்கு?"

அவர் கோபிக்கவில்லை. "அதே மருந்துதான் அண்ணன். கண்டுபிடிச்ச கம்பனிக்கு இருபது வருசம் பேற்றன்ட் உரிமை, விண்ணப்பம் போட்ட நாளில இருந்து. அதுவரைக்கும் வேற ஆரும் செய்ய ஏலா. இப்ப அது முடிஞ்சிட்டு, மத்தக் கம்பனிகளும் செய்யிறாங்க."

"அப்ப எங்கட பக்கம் ஏன் இன்னும் வரல்ல?"

"சில கம்பனி மேல்பூச்சுக்கு ஒண்டு, செய்யிற விதத்துக்கு ஒண்டு எண்டு புதுப் பேற்றன்ட் எடுத்து இழுப்பாங்க. அதுக்குப் பிறகு இஞ்ச அரசாங்கத்தில பதியவும் வேணும். இந்தாங்க, பதிவு இலக்கம்."

இலக்கத்தை இரண்டு தரம் படித்தேன். இலக்கத்தையும் போலியாக அச்சடிக்கலாமே?

அதற்குள் அவர் என் பெட்டியைத் திறந்து, பில்லின் திகதியைப் பார்த்தார்.

"முப்பது வாங்கி ஐம்பது நாள் அண்ணன். இன்னும் அஞ்சு கிடக்கே?"

மருந்து வாங்குவது எப்போதும் வசந்திதான். நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. கடை வாசலில் நின்று அவளுக்குப் போன் போட்டேன்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டனான். விலை அப்படி. சொன்னா ஏசுவீங்க எண்டுதான் சொல்லல்ல."

ஓட்டோ பிடித்து, மூன்று கிலோமீற்றர் தள்ளிச் செங்கலடியில் இருக்கும் அவளுடைய வைத்தியரிடம் போனேன். நான் போனில் எடுத்துப் போன புதிய பெட்டியின் படத்தைப் பார்த்தார். "அதே மருந்து, அதே அளவு, பதிஞ்சது. குடுக்கலாம். இண்டையிலிருந்து ஒரு நாளும் விடப்படாது," என்றார். திரும்பி வந்து வாங்கினேன்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகைக்காக மதியம் கடைகள் பூட்டியிருக்கும். வைத்தியர் எழுதித் தந்த மருந்துத் துண்டையும் பழைய பெட்டியையும் கொண்டுபோங்கள். பெட்டியின் பெயரை விட்டுவிட்டு உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் பாருங்கள். வைத்தியரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

மறுநாள் நாங்கள் வழமையாக வாங்கும் பாமசியில், இந்த மலிவு மாத்திரையை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டேன். "ஒருத்தரும் கேக்கல்லையே சேர்," என்றார்கள். அதை நான் இன்னும் நம்பவில்லை.

வசந்தி இப்போது தினமும் காலைத் தேநீருக்குப் பிறகு மாத்திரை போடுகிறாள். விழுங்கும் வரை நான் முன்னால் நிற்கிறேன். அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.