பார்த்து எழுதிய ரத்தம்

எனக்கு ஊசி என்றால் பயம். துறைமுக அடையாள அட்டைக்குப் பரிசோதனை செய்யாமலே, முன்னால் நின்ற நண்பன் காசிமின் படிவத்தைப் பார்த்து ‘ஓ நெகட்டிவ்’ என்று எழுதிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, பிரசவத்தில் என் தங்கைக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கும் ஓ நெகட்டிவ். இருந்த ஒரு பாட்டிலை ஏற்றியாயிற்று. இன்னொன்று உடனே வேண்டும். “அதான் மச்சான் கீறாரே!” என்று என் அட்டையைப் பார்த்திருந்த அவள் கணவர் வேறு யாரையும் தேடவில்லை.

சோதித்த நர்ஸ், “உங்களுது பி பாசிட்டிவ்” என்றார்.

மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்தார். “அப்ப கார்டுல இன்னாத்துக்கு மச்சான் அப்டி எழுதினே?”

காசிமுக்குப் போன் செய்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து பறந்து வந்தவன், “எங்க படுக்கணும்?” என்று மட்டும் கேட்டான்.

தங்கை பிழைத்தாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டாவது ரத்தம் கொடுத்துவிடுகிறேன். அட்டை வரிசையில் யாரைக் கண்டாலும் கேட்கிறேன்: “டெஸ்ட் பண்ணி எழுதினியா, பாத்து எழுதினியா?”