பிரேக் பேட்டுக்குக் கட்டிய பிராது

கம்மாபுரம் கொளஞ்சிக்கு விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. கரண்ட் ஆபீஸில் நாளைக்கு வாங்க என்று சொன்னால், அந்த நாளை வரும்வரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிற ஆள். கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டால் பொண்ணு மாப்பிள்ளை மாலை மாற்றுகிறவரை சண்டை நடக்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் "நல்ல மனுஷன்தான், ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த ஆனாவுக்குப் பின்னால் இருக்கிற ஆளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

தாத்தா, அப்பா எல்லாம் நெல்லும் கரும்பும் போட்டவர்கள். கொளஞ்சி மட்டும் சின்ன வயசிலேயே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். இப்போது சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. பலா சீசனில் காடாம்புலியூர் தோப்புகளில் பழம் ஏற்றிச் சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்குவார். சீசன் முடிந்தால் முந்திரி மூட்டை, செங்கல், பந்தல் சாமான், எது கிடைத்தாலும் சரி. வண்டிக்கு ஆயில் மாற்ற ஒருநாள் தள்ளிப்போனால்கூட அவருக்குத் தூக்கம் வராது. அவர் உடம்புக்கு மாத்திரை வாங்கச் சொல்லி மனைவி தில்லையம்மாள் மாசக்கணக்கில் கத்துவாள். அது காதில் ஏறாது.

இந்த வருஷம் சீசன் தொடங்கும்போதே பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் நடுங்க ஆரம்பித்தது. சிதம்பரம் பைபாஸ் ஓரம் ஷெட் வைத்திருக்கும் உபைதுல்லா முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். இருவரும் முப்பது வயசுக்கு முன்பிருந்தே மச்சான் முறை போட்டுப் பேசிக்கொள்கிறவர்கள்.

"பேட்டும் தேஞ்சிடுச்சு, டிஸ்க்கும் போச்சு மச்சான். ஏற்கெனவே ஒருதரம் லேத்துல குடுத்துச் சீவிட்டோம். இன்னொரு தரம் சீவுனா அப்பளம் மாதிரி ஆயிடும். ரெண்டு பக்கமும் புதுசா வாங்கியாந்துடு. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னு போட்டா வண்டி இழுக்கும்."

"கம்பெனி ஐட்டமா, வெளி ஐட்டமா?"

"டீசன்டான வெளி ஐட்டமும் இருக்கு. ஆனா நீ ஏத்துற லோடுக்குக் கம்பெனி ஐட்டமே போடு. ஜாஸ்தி ஆவும், பரவால்ல."

அன்றைக்குக் கடலூரில் லோடு இருந்தது. அங்கேயே சிலம்பரசன் கடையில் வாங்கினார். பெரிய கடை, கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. சிலம்பரசன் இரண்டு வகைப் பெட்டியை எடுத்து வைத்து, இது ஆர்டினரி, இது ஒரிஜினல் என்று காட்டினான். கொளஞ்சி ஒரிஜினலையே எடுத்தார், அதற்கான விலையையே கொடுத்தார். பெட்டி மேலே பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரை நம்பியது அவர் தப்பா? பெட்டியைப் பிரித்துப் பார்க்கவில்லை, கடைப்பையனையே மாட்டச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

மாசம்கூட ஆகவில்லை. பலா ஏற்றிக்கொண்டு புவனகிரி வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார். முன்னால் போன பஸ் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சி பிரேக்கை மிதித்தார். கர்ரென்று இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம்தான் வந்தது, வண்டி நிற்கவில்லை. ஒரு பெண் பிள்ளை தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தது அவருக்குத் தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒரே திருப்பாகத் திருப்பிச் சாலையோர வயலுக்குள் விட்டார். சேறு வண்டியைப் பிடித்து நிறுத்தியது. பலாப்பழங்கள் வயல் முழுக்க உருண்டன. ஓடிவந்த ஜனங்கள் முதலில் அவரைத் தூக்கினார்கள், அப்புறம் பழங்களைத் தூக்கினார்கள். தூக்கிய பழங்களில் பாதிதான் வண்டிக்குத் திரும்பி வந்தது.

அதற்காக அவர் யாரோடும் சண்டை போடவில்லை. வரப்பில் உட்கார்ந்து, பிள்ளைகள் எல்லாரும் சாலையைத் தாண்டிப் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சி சண்டை போடாமல் விட்டது அது ஒன்றுதான்.

உபைதுல்லா சக்கரத்தைக் கழற்றியபோது விஷயம் வெளியே வந்தது. பேட்டில் தேய வேண்டிய கறுப்புப் பகுதி அப்படியே தகட்டை விட்டுப் பெயர்ந்து வந்திருந்தது. வெறும் தகடு டிஸ்க்கைச் சுரண்டிப் பள்ளம் போட்டிருந்தது.

"இது கம்பெனி பேட்டே இல்ல மச்சான். பசை போட்டு ஒட்டிப் பெட்டியில அடைச்சிருக்கானுங்க. டிஸ்க்கும் வெயிட்டே இல்ல பாரு."

கொளஞ்சி இரண்டையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினார். சிலம்பரசன் சாக்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓவர்லோடு ஏத்திக்கிட்டு, பிரேக்குலயே காலை வெச்சு ஓட்டுனா எந்தப் பேட்டுண்ணே தாங்கும்?"

"தம்பி, நான் ஓட்ட ஆரம்பிச்சப்ப நீ மூணு சக்கர சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருந்த. இது டூப்ளிகேட்டு. எனக்கு நீ காசு குடுக்க வேணாம், மாத்தியும் குடுக்க வேணாம். இந்தப் பெட்டிங்கள அலமாரியிலேர்ந்து எடு. வாங்கிட்டுப் போனவன் எல்லாருக்கும் போன் போட்டுக் கழட்டச் சொல்லு. அது போதும்."

"யோவ், கடையில ஆளுங்க இருக்காங்க. கத்தாம போ. எங்க வேணா கம்ப்ளெயின்ட் குடுத்துக்க."

"குடுக்கத்தான் போறேன். கொளஞ்சியப்பர்கிட்ட குடுக்கறேன்."

சிலம்பரசன் சிரித்தான். கடைப்பையன்களும் சிரித்தார்கள்.

விருத்தாசலம் பக்கத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலைப் பற்றி அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவன் செய்த அநியாயத்தை மனுவாக எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, அங்கேயே முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வரலாம். அதற்குப் பிராது என்று பெயர். நியாயம் கிடைத்துவிட்டால் மறுபடி போய்ப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். அதை ராஜினாமா என்பார்கள். ஆடு திருடியவன்மேல், வரப்பை வெட்டியவன்மேல், நகையை அமுக்கியவன்மேல் எல்லாம் பிராது கட்டியிருக்கிறார்கள். பிரேக் பேட்டுக்குக் கட்டியது கொளஞ்சியாகத்தான் இருக்கும். தனக்குப் பேர் கொடுத்த சாமியிடம் அவர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. கடை எது, ஆள் யார், என்ன விற்றான், அந்தப் பெட்டிகள் கடையை விட்டுப் போக வேண்டும், இவ்வளவுதான் எழுதிக் கட்டினார்.

சிலம்பரசன் செய்த பெரிய தப்பு, இதை வேடிக்கையாகத் தன் மனைவி இளவரசியிடம் சொன்னது. அவள் பிறந்த வீடு விருத்தாசலத்தில். கேட்டதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த வாரமே வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனது. சிலம்பரசன் பைக்கில் வழுக்கி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். கிணற்று மோட்டார் புகைந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் அவனும் நொண்டிக்கொண்டே தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அதற்கப்புறம் கொளஞ்சிக்குப் போன் மேல் போன். கடைக்காரர்கள் பேசினார்கள், லாரிக்காரர்கள் பேசினார்கள், கம்மாபுரத்து மாமன் ஒருவர் நேரிலேயே வந்து பேசினார். புது செட்டு சும்மாவே தருகிறானாம், சேதத்துக்கும் சேர்த்துத் தருகிறானாம், ராஜினாமா பண்ணிவிட்டால் போதுமாம்.

"பெட்டிங்கள எடுத்துட்டானா?" என்று கொளஞ்சி கேட்பார். எதிர்ப்பக்கம் பேச்சு மாறும். உடனே போனை வைத்துவிடுவார்.

தில்லையம்மாளுக்கே பொறுக்கவில்லை. "ஏங்க, அதான் குடுக்கறேங்கறாங்கள்ல? அவுங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு. சாமி கண்ண தொறந்துட்டா யாரு தாங்குவா? அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

"பஸ்ஸுலேர்ந்து எறங்குச்சே புள்ளைங்க, அதுங்களுக்கு ஆத்தா அப்பன் இல்லியா?" என்றார் கொளஞ்சி. "அந்தப் பாட்டிலு புடிச்சிருந்த பொண்ணு தெனம் கண்ணு முன்னால வந்து நிக்குது தில்லை. நான் காச வாங்கிட்டு வாய மூடிட்டேன்னா அதுங்கிட்ட என்னா சொல்றது?"

அடுத்த போன் வந்தபோது தில்லையம்மாளே எடுத்து, "பெட்டிங்கள எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

வண்டி நின்றால் பிழைப்பு நின்றுவிடும். கொளஞ்சி உபைதுல்லாவைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் வேறொரு கடைக்குப் போனார். இந்த முறை அவர் வந்தது சாமான் வாங்கவா, வரன் பார்க்கவா என்று கடைக்காரருக்கே சந்தேகம் வந்திருக்கும். பெட்டியை எல்லாம் பிரிக்கச் சொன்னார். பழைய டிஸ்க்கை ஒரு கையிலும் புதியதை ஒரு கையிலும் வைத்துக் கனம் பார்த்தார். பலாப்பழத்தைப் பார்க்கிற மாதிரி விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார், மோந்துகூடப் பார்த்தார். "அது பழம் இல்ல மச்சான்" என்றார் உபைதுல்லா. அவரே டிஸ்க்கின் ஓரத்தில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்து, எந்த அளவுக்குத் தேய்ந்தால் கழற்ற வேண்டும் என்று அதில் இருப்பதைக் காட்டினார். பேட்டின் கறுப்புப் பகுதியை நகத்தால் நெம்பிப் பார்த்து, அசையவில்லை என்ற பிறகுதான் கொளஞ்சி பணத்தை எடுத்தார்.

ஷெட்டில் அதை மாட்டி முடித்த மத்தியானம், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சிலம்பரசனும் இளவரசியும் இறங்கினார்கள். அவன் கையில் புதுப் பெட்டிகள். அவள் கையில் பூவும் தேங்காயும் வைத்த தட்டு.

"அண்ணே, உங்க கால்ல வேணா விழறேன்" என்றாள் இளவரசி. "இவரு தப்பு பண்ணியிருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இப்பவே கோயிலுக்குப் போயி ராஜினாமா பண்ணிட்டு வந்துடலாம்."

"இது ஃப்ரெஷ் ஸ்டாக்குண்ணே. பக்கா ஒரிஜினல்" என்று சிலம்பரசன் பெட்டிகளை நீட்டினான்.

கொளஞ்சி ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். அதே ஸ்டிக்கர், அதே பேட். கோபத்தில் காது சூடேறியது. கத்தத்தான் வாயைத் திறந்தார். அவருக்கே என்ன தோன்றியதோ, உபைதுல்லா பக்கம் திரும்பினார்.

"மச்சான், நாம வாங்குன பேட்டக் கழட்டிட்டு இத மாட்டு."

"உனக்கு மண்டகிண்ட கொழம்பிடுச்சா?"

"மாட்டுய்யா. தம்பிதான் பக்கா ஒரிஜினலுங்குதே. இதுலயே மணவாளநல்லூர் போறோம். நான் ஓட்டறேன், ரெண்டு பேரும் முன்சீட்டுல குந்துங்க. சாமிக்கு முன்னால போயி நின்னு, இந்த பிரேக்கு என்னைக் கொண்டாந்து சேத்துச்சுன்னு சொல்லி ராஜினாமா பண்ணிடறேன்."

சிலம்பரசன் அவசரமாகக் கார் பக்கம் கையைக் காட்டினான். "ஏசி கார் இருக்கச்சொல்ல லோடு வண்டி எதுக்குண்ணே?"

"என் வண்டியில போனாதான் நான் வருவேன்."

உபைதுல்லா முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். மாட்டி முடித்ததும் வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கொளஞ்சி அதைப் பார்த்தார், சாவியைக் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, "ஏறும்மா தங்கச்சி" என்றார்.

இளவரசிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கொளஞ்சியப்பா என்று சொல்லிக்கொண்டே தட்டோடு ஏறி, ஜன்னலோரம் நகர்ந்து, புருஷனுக்கு இடம் விட்டாள்.

சிலம்பரசன் ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றான். பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் சக்கரத்தைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"இளவரசி, எறங்கு" என்றான்.

"ஏன்?"

"எறங்குங்கறன்ல. நாம கார்லயே போவலாம்."

"அதான் அண்ணன் இதுலதான் வருவேங்கறாரே. நீங்க குடுத்த பேட்டுதான மாட்டியிருக்கு?"

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். தட்டு சாய்ந்து தேங்காய் உருண்டு விழுந்தது. அவள் இறங்கி நின்று அவனையே பார்த்தாள். ஃபிரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் பார்த்த பார்வை இல்லை அது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"இளவரசி, இங்க வேணாம்..."

"எனக்குன்னா எறங்குன்னு சொல்றீங்க. வாங்கிட்டுப் போனவங்ககிட்ட சொன்னீங்களா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொளஞ்சி பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க ராஜினாமா பண்ணாதீங்க. நானே சொல்றேன், பண்ணாதீங்க."

கொளஞ்சி உருண்ட தேங்காயை எடுத்துத் தட்டில் வைத்தார். "பெட்டிங்க வெளிய வந்தா பண்றம்மா" என்றார் மெதுவாக.

"போன எடுங்க" என்றாள் அவள் புருஷனிடம். "யாருக்கெல்லாம் வித்தீங்களோ, இங்க நின்னே பேசுங்க. மொதல்ல புள்ளைங்கள ஏத்துற வண்டி."

சிலம்பரசன் போனை எடுத்து ஒரு ஸ்கூல் வேன் டிரைவருக்குப் போட்டான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் போட்டான். இந்தத் தடவை எடுத்தார்கள்.

"நான் சிலம்பு பேசறன்... வேனை எடுத்துட்டியா?... எடுக்காத. சாவிய கழட்டு. ஐயோ, நான் சொல்றன்ல, எடுக்காத!"