பேயாண்டியும் கடைமடைத் தவளையும்

எழுமலைக்குக் கிழக்கே நல்லாங்குளம். அந்த ஊர்ப் பேயாண்டிக்குத் தண்ணீர் பாய்ச்சுவது தொழில். தவளையின் வயிற்றைக் கீறிப் பார்ப்பது பொழுதுபோக்கு. முன்னதற்கு ஊரில் மரியாதை இருந்தது. பின்னதற்கு வீட்டில் வசவு இருந்தது. இரண்டையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்கிற மனிதன் அவன்.

போடிக்கு ரயில் விட்டுச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். உசிலம்பட்டிக்குப் போய் ரயிலைப் பார்த்து வந்தவர்கள் வாய் ஓயாமல் அதையே பேசினார்கள். பேயாண்டியும் போய் வந்தான். தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் என்னென்ன தவளை கிடந்தது என்று சாயங்காலம் முழுக்கச் சொன்னான். ரயில் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "அது பாட்டுக்குப் போச்சு" என்றான்.

கண்மாய் மடையைத் திறந்து, வாய்க்காலைத் திருப்பி, வயல் வயலாகத் தண்ணீர் விடுகிற அவனை நீர்பாய்ச்சி என்பார்கள். அறுவடையானால் களத்தில் இரண்டு தெருவும் அவனுக்குக் கதிர்க்கட்டு போடும். மேலத்தெருவுக்கு மடையை ஒட்டிய தலைமடை நிலம். கீழத்தெருவுக்கு வாய்க்கால் போய் முடிகிற கடைமடை நிலம். பேயாண்டி மேலத்தெருக்காரன். அவன் பெண்டாட்டி ஒச்சாயி கீழத்தெருவிலிருந்து வாழ வந்தவள். வாய்க்காலின் பாதியில் ஒரு எல்லைக்கல் நட்டிருந்தது. மேலத்தெருக்காரன் எவனும் அந்தக் கல்லுக்குக் கீழே மண்வெட்டி போடக் கூடாது. முன்னொரு காலத்தில் நடந்த வெட்டுக்குத்துக்குப் பிறகு ஊர் வைத்த ஏற்பாடு அது. தலைமடை குடித்த பிறகு மிச்சத் தண்ணீரைக் கல்லுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டால் பேயாண்டியின் பொறுப்பு தீர்ந்தது. அதற்கப்பால் கீழத்தெருவின் பாடு. பார்க்காதவனுக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரியும்.

வேலை இல்லாத நேரத்தில் பேயாண்டி விரால் மீனுக்குத் தூண்டில் போடுவான். விராலுக்குத் தவளை இரை. தவளையின் குடலை நண்டுப் பொறிக்கென்று தனியே எடுப்பவன், எடுத்த கையோடு அது என்ன தின்றிருக்கிறது என்று குச்சியால் கிளறிப் பார்ப்பான். பார்த்ததை ஊருக்கெல்லாம் சொல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. கோடையில் கிணற்றுப் படியில் ஒண்டிக்கிடக்கிற தவளைக்கு எறும்புதான் கதி என்பான். முதல் மழை விழுந்தால் எல்லாத் தவளைக்கும் ஈசல் விருந்து, வயிறு வெடிக்கத் தின்னும் என்பான். பயிர் பச்சை கட்டிவிட்டால் வயல் தவளை எறும்பை ஏறெடுத்தும் பார்க்காதாம். வெட்டுக்கிளி, நண்டுக் குஞ்சு, அயிரைப் பொடி என்று வாய் உயர்ந்துவிடுமாம். சொறித்தவளையை மட்டும் அவன் கணக்கில் சேர்ப்பதில்லை. "அது மழையிலயும் எறும்பு திங்கும், வெயில்லயும் எறும்பு திங்கும். நாக்குச் செத்த பய" என்பான்.

ஒச்சாயி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் சொன்னாள். "தவளை என்ன தின்னுச்சுன்னு இம்புட்டுப் பாக்குறீகளே மாமா, நான் தின்னேனான்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கீகளா?"

பேயாண்டி சிரித்தான். அவனுக்குச் சிரிப்புச் சீக்கிரம் வரும். அதுதான் அவன் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல மழை பொய்த்தது. கண்மாய் காய்ந்து மாட்டுக் குளம்படி மட்டும் மிஞ்சியது. ஊர் கூடி அய்யனார் கோயிலில் தவளைக் கல்யாணம் நடத்துவது என்று முடிவு செய்தது. தவளைக்குத் தாலி கட்டினால் வானம் இறங்கும் என்பது நம்பிக்கை. மாப்பிள்ளை மேலத்தெரு, பெண் கீழத்தெரு. இரண்டு தெருவும் சம்பந்தி ஆனால் பழைய பகையும் ஆறும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். மாப்பிள்ளை, பெண் பார்க்கிற பொறுப்பை யாரிடம் கொடுப்பார்கள்? பேயாண்டி தலைகால் புரியாமல் அலைந்தான்.

பஞ்ச காலத்தில் மனிதனுக்கு வரன் கிடைத்தாலும் தவளைக்குக் கிடைக்காது. பெண் லேசில் அமைந்துவிட்டது. கீழத்தெருக் கிணற்றில் ஒல்லியாக, துறுதுறுவென்று ஒரு சிறு தவளை. மாப்பிள்ளைதான் இழுத்தடித்தது. மேலத்தெருவில் அதிக நிலம் வைத்திருந்த பெரிய சம்சாரி மலையாண்டி, "நம்ம மாப்பிள்ளை பாக்க ஆளா இருக்கணும்டா, பொடிப்பயலக் கொண்டாந்து மானத்த வாங்காத" என்று சொல்லியிருந்தார். பேயாண்டி மடைக்குழியில் ஈரம் கண்ட இடமெல்லாம் தோண்டிக் கடைசியில் ஒன்றைப் பிடித்துவிட்டான். உள்ளங்கை கொள்ளாத பெருந்தவளை. மழை இல்லாத காலமெல்லாம் மண்ணுக்குள் கிடந்து தூங்குகிற சாதி. பானைத் தண்ணீரில் ஊறவைத்ததும் கண்ணைத் திறந்து அவனையே முறைத்தது.

"மாப்பிள்ளைக்கு என்னா ராசகளை!" என்று பேயாண்டி பூரித்துப் போனான். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவன் முழித்ததும் முதலில் என்ன தேடுவான் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. ஊர்த் தவளைகளின் சாப்பாடெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவன், கல்யாண ஜோரில் அதை மறந்தான்.

கல்யாணம் தடபுடலாக நடந்தது. மேளம் கொட்டினார்கள், பெண்கள் குலவை போட்டார்கள். பெண்ணுக்கு மாமன் முறைக்கு ஒச்சாயியின் அண்ணன் முத்துக்கருப்பன் புது வேட்டி கட்டி நின்றான். ஒரு சுளகில் வாழையிலை விரித்து இரண்டையும் எதிரெதிரே வைத்தார்கள். பூசாரி மஞ்சள் கயிற்றைப் பெண்ணின் கழுத்தென்று குத்துமதிப்பாக ஒரு இடத்தில் சுற்றினார். பெண் கூச்சப்பட்டோ என்னவோ ஒரு துள்ளுத் துள்ளியது. அவ்வளவுதான். மாப்பிள்ளை வாயைத் திறந்ததுதான் தெரியும். மூடியபோது வெளியே மஞ்சள் கயிற்றின் நுனி மட்டும் தொங்கியது.

மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை கயிற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, யார் கைக்கும் சிக்காமல் கண்மாய்ப் பள்ளத்தைப் பார்த்துத் தாவிப் போனான்.

"பொண்ணக் குடுத்தா நாங்க இப்பிடித்தான் முழுங்குவோம், சம்பந்தி!" என்றார் மலையாண்டி.

மேலத்தெரு கொல்லென்று சிரித்தது. பேயாண்டியும் சிரித்தான். அடக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே ஒச்சாயி நின்றாள்.

"எங்க தெருத் தண்ணிய முழுங்குனாக. இன்னைக்கிப் பொண்ணையும் முழுங்கிப்புட்டுச் சிரிக்கிறாக. நீங்களும் கூடச் சேந்து சிரிக்கிறீகள்ல மாமா?"

அன்றைக்கே ஒரு சேலையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கூப்பிடு தூரம்தான் கீழத்தெரு. ஆனால் கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டி கூப்பிடு தூரத்தில் இருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. கிணற்றடியில் தினமும் எதிர்ப்பட்டாள். அவனைப் பார்க்காமலே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரே வாரத்தில் கண்மாய் நிரம்பியது. மஞ்சளாக நிறம் மாறின பெருந்தவளைகள் கரையெங்கும் கத்தித் தீர்த்தன. பெண்ணைச் சாமி ஏற்றுக்கொண்டது, அதனால்தான் மழை என்று மேலத்தெரு சொல்லிக்கொண்டது. வழக்கப்படி மடை திறந்து, தலைமடைக்குப் பாய்ச்சி, மிச்சத்தைக் கல்லுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுப் பேயாண்டி வீட்டுக்கு வந்தான். அடுப்பு அணைந்து கிடந்தது. தானே காய்ச்சின கஞ்சி அடிப்பிடித்திருந்தது. இந்த வீட்டில் தனக்குப் பேசத் தெரிந்ததெல்லாம் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்ததால்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெற்றிலை பாக்கை மடித்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனான்.

"வாங்க மாப்ள" என்றான் முத்துக்கருப்பன். மேற்கொண்டு ஒச்சாயிதான் பேசினாள்.

"வெத்திலையும் வேணாம், பாக்கும் வேணாம். ஒரே ஒரு தடவ மொதத் தண்ணி கடைமடைக்கி வரட்டும். அன்னைக்கி நீங்க கூப்பிடாமயே நான் வாரேன்."

"என்ன புள்ள பேசுற? தலைமடை இருக்கையில மொதத் தண்ணி எப்பிடிக் கீழ வரும்? மேலத்தெருவுல என்னைய உரிச்சுப்புடுவாக. தண்ணி விடாமலா இருக்கேன்? விட்டுக்கிட்டுத்தான இருக்கேன்?"

"விடுறீக. வந்துச்சான்னு பாத்தீகளா?"

பேயாண்டி வெற்றிலையை மடியில் கட்டிக்கொண்டு திரும்பினான். பெண்புத்தி, நாலு நாளில் தெளிந்துவிடும் என்று மனசைத் தேற்றினான். மார்கழி போய்த் தையும் வந்தது. அவள் தெளியவில்லை, இவன்தான் இளைத்தான்.

ஒச்சாயிக்கு விரால் குழம்பு என்றால் உயிர். நல்ல விராலாக ஒன்று பிடித்துக் கொடுத்தால் கோபம் இறங்கும் என்று யோசனை செய்து, காலையில் தலைமடை வயலில் இரைக்குத் தவளை பிடித்தான். கீறிப் பார்த்தான். நண்டுக் குஞ்சும் வெட்டுக்கிளிக் காலுமாக வயிறு பிதுங்கியது. தைக்கு வேண்டிய சாப்பாடு. இன்னும் இரண்டு வேண்டும். தவளைகள் விவரமாகிவிட்டன, காலடி கேட்டதும் தண்ணீருக்குள் முங்கின. கையில் தூண்டில்தானே இருக்கிறது, மண்வெட்டி இல்லையே என்று வழக்கத்துக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு கல்லைத் தாண்டினான்.

தாண்டியதும் சத்தம் இல்லை. அதுதான் முதலில் பட்டது. தலைமடையில் காலடிக்கு நாலு தவளை குதிக்கும். இங்கே வரப்பு வரப்பாக நடந்தும் ஒன்றுகூடக் குதிக்கவில்லை. ஒரு வரப்புப் பொந்தில் சொறித்தவளை இருந்தது, விட்டுவிட்டான். இன்னும் கீழே, வாய்க்கால் முடிகிற இடத்தில், மண்கட்டிக்கு அடியில் ஒரு வயல் தவளை அகப்பட்டது. தலைமடையில் பிடித்தானே, அதே சாதி. ஆனால் தோலும் எலும்புமாக இருந்தது. உட்கார்ந்து வயிற்றைக் கீறினான்.

எறும்பு. எறும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

சித்திரையில் கிணற்றுப் படித் தவளையிடம் பார்த்திருக்கிறான். தை மாதத்தில் நெல் வயலுக்குள் பார்த்ததில்லை. தலை நிமிர்ந்து சுற்றிப் பார்த்தான். பயிர் பொதியோடு நின்று போயிருந்தது. கதிர் வெளியே வரவில்லை. காலடியில் வெடித்த வெடிப்பில் கை நுழையும். மேலே தவளைக்கெல்லாம் விருந்து நடக்கிறது. அதே மழைதான், அதே கண்மாய்தான். இங்கே சித்திரை முடியவே இல்லை.

அந்த வரப்பில் ஒருத்தி குடத்தோடு வந்தாள். கிணற்றில் சேந்திய தண்ணீரைப் பயிரின் தூரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அவ்வளவு பெரிய வயலுக்கு ஒரு குடம். ஒச்சாயி அவனைப் பார்த்தாள். அவன் கையில் கீறிக் கிடந்த தவளையையும் பார்த்தாள்.

"எறும்புதான் இருக்கு, ஒச்சாயி" என்றான் பேயாண்டி.

"நான் பதினஞ்சு வருசமாச் சொன்னேன். தவளைய அறுத்தாத்தான் ஒங்களுக்குத் தெரியுது" என்றாள் அவள்.

பேயாண்டி தூண்டிலை அங்கேயே போட்டுவிட்டு நடந்தான். வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்தான். தலைமடை வாய்களை ஒன்று விடாமல் அடைத்தான், மடையை முழுசாகத் திறந்தான். தண்ணீர் திமுதிமுவென்று கல்லைத் தாண்டிக் கீழே ஓடியது. மலையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே தெரு வந்தது.

"டேய் பேயாண்டி, கிறுக்குப் புடிச்சிருச்சா? யார் தண்ணிய யாருக்குத் திருப்புற?"

"ஒங்க வயல்ல முழங்கால் தண்ணி நிக்கிதுண்ணே. அடிக்கிறதுன்னா அடிங்க. கடைசி வயலுக்குப் போயிச் சேந்தப்பறம் அடிங்க" என்றான் அவன். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடைத்த வாயின் மேலேயே நின்றான்.

எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவன் சிரிக்காமல் நின்றதே அவர்களுக்குப் புதுசாக இருந்திருக்க வேண்டும். ஒருவரும் கை வைக்கவில்லை. ஏசிவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் களத்தில் மேலத்தெரு அவனுக்கு ஒரு கதிர்க்கட்டும் போடவில்லை என்பதும், மூன்று பஞ்சாயத்துக்குப் பிறகு முதல் தண்ணீர் ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று ஊர் இறங்கி வந்தது என்பதும், அதற்கப்புறம் சாகிற வரைக்கும் பேயாண்டி தண்ணீரோடு கூடவே கடைசி வயல் வரை நடந்தான் என்பதும் பின்னால் நடந்தவை.

அன்றைக்கு வெயில் தாழும் வரை மடையை விட்டு அவன் நகரவில்லை. நகர்ந்தால் யாராவது அடைத்துவிடுவார்கள் என்று பயம். தண்ணீர் போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே மண் குடித்துவிட்டதா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தான். கரைமேல் ஒச்சாயி வருவது தெரிந்தது. கக்கத்தில் சேலை மூட்டை. அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே மடைக்கு வந்து அவன் எதிரில் நின்று, கண்டாங்கியைச் சற்றுத் தூக்கிக் காலைக் காட்டினாள். முழங்கால் வரைக்கும் சேறு. வழியில் எத்தனையோ இடத்தில் தண்ணீர் இருந்தும் கழுவாமல் வந்திருந்தாள்.

"கடைசி வயல் மாமா" என்றாள்.

பேயாண்டிக்கு அழுகை வந்துவிட்டது.