பள்ளி பீரோவில் வைத்த வெடி

எங்கள் தலைமை ஆசிரியரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், அவருடைய வேட்டி எப்போதும் வெள்ளையாக இருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் பின்னால் ஏரி. அதற்குள் நிற்கும் கருவேல மரங்களில் ஐப்பசி மழையோடு நாரை, வக்கா என்று பறவைகள் வந்து இறங்கும். மார்கழியில் மரம் முழுக்கக் கூடு. விலங்குகளின் வாழிடம் என்ற பாடத்துக்குப் புத்தகத்தில் பனிக்கரடி படம் போட்டிருந்தார்கள். அதை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். வந்து இறங்கும்போது வெடிச் சத்தம் கேட்டால் பறவைகள் வேறு ஏரிக்குப் போய்விடும், முட்டையிட்ட பிறகு கேட்டால் பதறி எழும், அந்த நேரம் பார்த்துக் காக்கை முட்டையைத் தூக்கிவிடும் என்று சொன்னேன்.

அந்தத் தீபாவளிக்கு என் வகுப்பில் ஒருவரும் வெடிக்கவில்லை. வீட்டில் சீட்டுக் கட்டி வாங்கிய சரவெடி, அணுகுண்டு எல்லாவற்றையும் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பத்து வயதில் கையிலிருக்கும் வெடியைக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமா? ஏரி வற்றி, பறவைகள் குஞ்சுகளோடு கிளம்பிப் போன பிறகு நீங்களே கொளுத்தலாம் என்று வாக்குக் கொடுத்து, பையைப் பள்ளி பீரோவில் வைத்தேன். சாவி தலைமை ஆசிரியரிடம் இருந்தது.

விஷயம் மேலிடம் வரை போய், பிள்ளைகளைப் பாராட்ட மார்கழியில் ஓர் அதிகாரி வந்தார். ஏரிக்கரையிலேயே பந்தல். ஜீப் கரையில் ஏறியதும் காது கிழிகிற சத்தம். பிள்ளைகள் கொடுத்த சரவெடி.

அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. நான் தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். "சார், கூட்டுல முட்டை இருக்கு! இப்ப வெடிக்கலாமா?"

"வெடிக்கக் கூடாதுன்னது தீபாவளிக்குத்தானே டீச்சர்? தீபாவளி போயி ரெண்டு மாசம் ஆவுது. பெரிய மனுஷன் வராரு, வெடி இல்லாம எப்டி இட்டுக்கினு வர்றது?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். இந்த மண்டைக்குள் எதை எழுதிப் போடுவது?

அதிகாரி வானத்தைப் பார்த்துக் கை தட்டினார். தன்னை வரவேற்கத்தான் அவை எழுந்தன என்று நினைத்திருப்பார். போட்டோக்காரருக்கு ஒரு வருத்தம், படத்தில் பறவை விழவில்லையாம். தலைமை ஆசிரியர் பையிலிருந்து இன்னொரு சரத்தை எடுத்தார். கையைப் பிடித்தேன். உதறிவிட்டு அவரே பற்றவைத்தார்.

"காக்கா முட்டைய தூக்கினு போவுது டீச்சர்" என்று வரிசையில் நின்ற ஒரு பெண் அழுதாள். வகுப்பில் முதலில் வெடியைக் கொடுத்தவள் அவள்தான். அழுகிற பிள்ளையை மேடையேற்றி, வெடி வெடிக்காததற்காக ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். கந்தக நெடி இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு அதிகாரி புலியைக் காப்பாற்றுவது பற்றி வெகுநேரம் பேசினார். எங்கள் பக்கம் புலி சினிமா போஸ்டரில்தான் உண்டு.

சித்திரையில் ஏரி வற்றியது. கொளுத்த ஒரு வெடிகூட மிச்சமில்லை, எல்லாம் அன்றைக்கே தீர்ந்திருந்தது. பிள்ளைகள் என்னிடம் கேட்கவும் இல்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அடுத்த தீபாவளிக்கு வெடியைக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டதும் ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றாள். உள்ளே சரவெடி. கையை நீட்டினேன். அவள் பையை விடவில்லை.

"பெரிய சாரு பீரோவுல வெக்காதீங்க டீச்சர். உங்க வூட்ல வெச்சிக்கினா தரேன்."