குதிரை சொன்ன குதிரை

மாமல்லபுரம் கடற்கரையில் என் வீட்டுக்காரர் குதிரைச் சவாரி விடுகிறார். இருப்பது ஒரே ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்து, பல கை மாறி எங்களிடம் வந்தது. பக்கத்திலேயே நான் மீன் வறுத்து விற்கிறேன்.

என் தம்பி மதுராந்தகத்தில் சொந்தமாக டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ரேஸ் பைத்தியம். கிண்டியில் குதிரை ஓடுவது நின்றதும் திருந்திவிடுவான் என்று நினைத்தோம். வெளியூர் ரேஸுக்குப் போனிலேயே பணம் கட்டப் பழகிக்கொண்டான்.

பெங்களூரு டெர்பி ஓடிய அன்று காலையிலேயே வந்து நின்றான். இரண்டு கையிலும் கேரட்.

"யக்கா, ரெண்டு குதிரைல எதுல கட்றதுன்னு மனசு நிக்கல. இதுவும் ரேஸ்ல ஓடுனதுதானே? இதே சொல்லட்டும்."

ஒவ்வொரு கைக்கும் ஒரு குதிரையின் பெயரைச் சொல்லி நீட்டினான். எங்கள் குதிரை இடது கைக் கேரட்டைக் கடித்தது.

"கிட்ட இருந்தத துன்னுச்சு மச்சான். இத்த போயி நம்பிகினு கீறியே" என்று வீட்டுக்காரர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. வேனையே அடகு வைத்துப் பணம் கட்டினான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் ரேஸ் பார்த்தான். அவன் கட்டிய குதிரைதான் முன்னால் ஓடியது. எழுந்து நின்று தொடையில் தட்டித் தட்டிக் கத்தினான். முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மற்றது வெளிப்பக்கமாக வந்து தாண்டிவிட்டது.

"போனா போது, வுடுடா. டீ குடிக்கிறியா?" என்றேன்.

போனை என் எண்ணெய்ச் சட்டியில் எறிந்தான். எண்ணெய் தெறித்து என் முழங்கை வரை வெந்தது. நான் அலறியது அவன் காதில் ஏறவில்லை. கடைத் தார்ப்பாயைத் தாங்கிய சவுக்குக் கழியைப் பிடுங்கிக்கொண்டு குதிரையிடம் ஓடினான்.

கட்டிப் போட்டிருந்ததால் அதனால் விலக முடியவில்லை. முதல் அடி முகத்தில். அடுத்தடுத்து கழுத்தில், முன்னங்காலில். குதிரை அப்படி அலறும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "பொய் சொன்னியே, பொய் சொன்னியே" என்று அழுதுகொண்டே அடித்தான்.

தண்ணீர் எடுக்கப் போயிருந்த என் வீட்டுக்காரர் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி வாயிலேயே குத்தினார். பல் மணலில் விழுந்தது. பிறகு முழங்காலை அவன் கழுத்தில் வைத்து அழுத்தினார். சுற்றி நின்றவர்கள் வீடியோ எடுத்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை.

"வுடுய்யா, செத்துடுவான்!"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. உதைத்துக்கொண்டிருந்த தம்பியின் கால் தளர ஆரம்பித்தது. வெந்த கையோடு அந்தக் கழியை எடுத்தேன். முதுகைக் குறிவைத்து வீசியது தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவர் சாய்ந்தார். தம்பி இருமினான். அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரே ஆம்புலன்சில் மூன்று பேரும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதி வழியில் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார்.

"நீ அடிச்சதுல தப்பில்ல. இல்லன்னா கொன்னுருப்பேன்" என்றார். பிறகு, "அதோட கண்ணு போயிருக்கும்" என்று அழுதார்.

குதிரைக்கு ஒரு கண் போகத்தான் போனது. அவருக்கு இன்னும் வலது கையை மேலே தூக்க முடியாது. சவாரிக்கு நான்தான் கயிறு பிடித்து நடக்கிறேன்.

தம்பியின் வேன் போய்விட்டது. செய்யூர்ப் பக்கம் மணிலாக் கடலை மூட்டை தூக்குகிறான். போன மாதம் ஒருநாள் வந்து தூரத்தில் நின்றான். காற்றில் வாடை பிடித்ததோ என்னவோ, குதிரை கயிற்றை அறுக்கிற மாதிரித் துள்ளியது. அவன் அப்படியே திரும்பி நடந்தான். நான் கூப்பிடவில்லை.

"அதுக்குத் தண்ணி காட்டு" என்றார் வீட்டுக்காரர்.