மாமி தானே போய்ப் பதிந்த பெயர்

உடுவிலில் எங்களுடன் வசிக்கும் என் மாமிக்கு எழுபத்து நான்கு வயது. கண்ணில் புரை. விழுந்துவிடுவார் என்று பயந்து, அவரைத் தனியே வெளியே விடமாட்டேன். கண் சத்திரசிகிச்சைக்கு உதவி எங்கே கிடைக்கும் என்று கைபேசியில் நானே தேடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை மாமியைக் காணவில்லை. கிணற்றடி, கோயில் எல்லாம் பதறியடித்துத் தேடினேன். பத்து மணிக்கு ஓட்டோவில் வந்து இறங்கினார்.

"எங்கை மாமி போனனீங்கள்?"

"கிராமசேவகர் கந்தோருக்கு, விதானையாரிட்டைக் கேக்கப் போனனான். முதியோர் சங்கத்தாலை கண் ஒப்பரேசனுக்குப் பேர் எடுக்கினமாம். பதிஞ்சிட்டன். பக்கத்து வீட்டு ராசம்மாவையும் பதிஞ்சிட்டன்."

சத்திரசிகிச்சை முடிந்து இப்போது மாமிக்குப் பார்வை தெளிவு. எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் வயதானவர்கள் விபரம் கேட்டு அவரிடம்தான் வருகிறார்கள். நானும் அவருக்காக எதையும் முடிவு செய்யுமுன் அவரையே கேட்கிறேன். சங்கத்தில் யாராவது என்னை யாரென்று கேட்டால், "நான் அவவின்ரை மருமகள்" என்று பெருமையாகச் சொல்கிறேன்.