துணைக்குரலைப் பிடுங்கிய கம்பனி

எழுதும்போது எனக்குத் திக்காது. அதனால் மனதில் உள்ளதை முழுக்க இங்கேயே கொட்டிவிடுகிறேன். வாயால் சொல்லப் போனால் பாதியில் யாராவது புகுந்து மீதியைச் சொல்லி முடித்துவிடுவார்கள். திக்குகிறவனிடம் எல்லோருக்கும் அவ்வளவு தாராள மனசு.

மாத்தளை டவுனில் கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விற்கும் கடை எனக்கு. சின்ன வயதிலிருந்தே சில சொற்களின் தொடக்கத்தில் உதடு ஒட்டிக்கொள்ளும், 'ப' வந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் பள்ளிவாசலில் எல்லோரோடும் சேர்ந்து ஓதும்போது ஒரு தடங்கலும் இராது. கூட ஒரு குரல் ஓடினால் போதும், என் நாக்கும் பின்னாலேயே ஓடிவிடும். இந்தச் சூட்சுமத்தை வைத்தே ஒரு வெளிநாட்டுக் கம்பனி போனுக்குச் செயலி ஒன்று செய்திருந்தது. நான் பேசுவது இயர்போன் வழியாக ஒரு கணம் பிந்தி எனக்கே கேட்கும். என் குரலே எனக்குத் துணைக்குரல். வருடா வருடம் காசு கட்டி வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு விலை பேசினேன், போனில் சண்டையும் பிடித்தேன். சண்டை பிடிக்க முடிவது எவ்வளவு பெரிய சுகம் என்று திக்காதவனுக்குத் தெரியாது.

மகளைப் பெண் பார்க்க அலுவிகாரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் அது காதில் இருந்தது. மாப்பிள்ளையின் உம்மா அதைக் கண்டு எனக்குக் காது மந்தம் என்று நினைத்துவிட்டார். "தேத்தண்ணிக்கு சீனி காணும், இன்னும் போட வேணாம்!" என்று வீதிக்குக் கேட்கும்படி என் முகத்துக்கு நேரே கத்தினார். என் மனைவி என் பக்கம் சாய்ந்து, "செவிடுன்னே நெனச்சிட்டுப் போகட்டும், உடுங்க" என்றாள். அப்படியே சம்பந்தம் முடிவானது.

நிக்காஹ்வுக்கு நாள் குறித்த பிறகுதான் கம்பனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கனத்த மனதோடு விடைபெறுகிறார்களாம். மாத முடிவோடு செயலி நின்றுவிடுமாம். இத்தனை காலம் அவர்களோடு பயணித்ததற்கு நன்றியாம். நான் எங்கே பயணித்தேன்? கடையில்தானே உட்கார்ந்திருந்தேன்! பதிலுக்கு அவர்களுடைய புதுச் செயலியை எடுத்துக்கொள்ளலாமாம், அதில் குரலைப் பூனைக் குரலாக மாற்றலாமாம். பூனைக் குரலில் மகளைக் கட்டிக்கொடுக்கவா?

சிரிப்புக்குச் சொல்லவில்லை. எங்கள் வழக்கப்படி நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பாதான் மகளின் பெயரைச் சொல்லி, இவளை உங்களுக்கு மணமுடித்துத் தந்தேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். சபை முழுக்கக் கேட்க, மைக்கில், தனிக் குரலில். மாப்பிள்ளை உடனே ஏற்றுக்கொண்டேன் என்பார். என் மகளின் பெயர் 'ப'வில் தொடங்குகிறது. தெரிந்தேதான் வைத்தேன். பிடித்த பெயரை நாக்கிடம் அனுமதி கேட்டா வைப்பது? ஆனால் அவள் வளர்ந்த காலமெல்லாம் 'மகள்' என்று மட்டுமே கூப்பிட்டேன். அந்தச் செயலி வந்த பிறகுதான் வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

மாதம் முடிந்து செயலி நின்றதும் கம்பனிக்கு போன் எடுத்தேன். ஆள் பேசவில்லை. இயந்திரப் பெண்குரல் ஒன்று, உங்கள் பிரச்சினையைச் சில சொற்களில் கூறுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டது. "ப்... ப்..." என்றேன். மன்னிக்கவும், விளங்கவில்லை என்றது. மறுபடி "ப்..." என்றேன். மன்னிக்கவும் என்று சொல்லி வைத்தேவிட்டது. திக்குகிறவர்களுக்கென்றே கருவி விற்ற கம்பனி ஐயா இது! முறைப்பாட்டை வாயால் சொல்லச் சொல்லுவார்களாம், வாய் திக்கினால் கதவைச் சாத்துவார்களாம். அறிவு கெட்டவர்கள்! இவ்வளவுக்கும் செயலி என் போனில்தான் இருந்தது. அவர்கள் ஊரில் சுவிட்சை அணைத்தால் என் வீடு ஏன் இருட்டாக வேண்டும்? திறந்தால் கையசைக்கும் படம் ஒன்று மட்டும் வந்தது. வேறு செயலிகளையும் இறக்கிப் பார்த்தேன். ஒன்றில் குரல் பிந்தவே இல்லை, இன்னொன்றில் ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவே சவர்க்கார விளம்பரம்.

நிக்காஹ் நடத்தும் மௌலவியிடம் போய், எனக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள் என்று எழுதிக் காட்டினேன்.

"தாராளமா சொல்லலாம். ஆனா அந்தப் பொறுப்ப எனக்குத் தாறேன்னு நீங்க சபைல சொல்லணுமே, மகள்ட பேரச் சொல்லி" என்றார்.

"சுத்திச் சுத்தி அங்கதானா!" என்றேன். அது மட்டும் திக்காமல் வந்தது, கோபத்தில் சில நேரம் அப்படி வரும். எப்படியும் சிக்கத்தான் போகிறேன் என்றால் மாப்பிள்ளையிடமே நேராகச் சிக்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகள் ப்... ப்..." என்று நின்றேன். நான் நின்றதைச் சொல்லி முடித்ததாக எண்ணி அவர், "ஏற்றுக்கொண்டேன்" என்றுவிட்டார். சபை சிரித்தது.

"பொறுங்க மருமகன், வாப்பா இன்னும் பேரே சொல்லல்ல" என்றார் மௌலவி.

மறுபடி தொடங்கினேன். பின்னாலிருந்து ஒருவர் பெயரை எடுத்துக்கொடுத்தார். என் மகளின் பெயரை, எனக்கு! திரும்பி ஒரு முறை முறைத்தேன். சபை அடங்கியது. காதில் ஒன்றுமில்லை. கழுத்து நரம்பு புடைத்து, மைக்கில் மூச்சு மட்டும் போய், கடைசியில் பெயர் உடைந்து உடைந்து வெளியே வந்தது. மாப்பிள்ளை இம்முறை மௌலவியின் முகத்தைப் பார்த்துவிட்டே ஏற்றுக்கொண்டார்.

"உங்கட மருமகனுக்கு அப்படி என்ன அவசரம் வாப்பா?" என்று மகள் பிறகு கேலி செய்தாள். பெண்கள் பக்கம் ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறது. அழுத கண்ணோடுதான் கேலி செய்தாள்.

சாப்பாட்டின்போது தம்பி முறையானவர்கள் ஆளாளுக்கு வந்து தோளைத் தட்டினார்கள். "பாத்தீங்களா நானா, அந்தச் சாமான் இல்லாமலே சொல்லிட்டீங்களே!"

என்ன பேச்சு இது? ஒருவனின் ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டு, அவன் தவழ்ந்து வந்து சேர்ந்ததற்குக் கைதட்டுகிறார்கள். என் மகளின் பெயரை முழுதாக, அழகாக, ஒரே மூச்சில் சொல்ல எனக்கு ஒரு வழி இருந்தது. இன்னொரு தரம் அவளைக் கட்டிக்கொடுக்கவா போகிறேன்?

மறுநாள் கடையைத் திறந்ததும் இரத்தோட்டையிலிருந்து கராம்பு கொண்டுவரும் பழைய ஆள் போன் எடுத்தார். புதுக் கராம்பு இருக்கிறது, என்ன விலை தருவீங்க என்று கேட்டார். வாயைத் திறந்தேன்.

"ஹலோ? ஹலோ? லைன் சரியில்லீங்க மொதலாளி, அப்புறம் எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.